கேசட்டில் இல்லாத குரல்

ரெண்டாயிரமோ ரெண்டாயிரத்து ஒண்ணோ, வருஷம் சரியா நினைவில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில ஆடி மாசம், எங்க ஊர்க் கணக்குல கர்க்கடகம். மழை விட்டும் விடாத ஒரு வியாழக்கிழமை மத்தியானம், செத்துப்போன ஒரு நடிகர்கிட்ட மன்னிப்பு கேட்கறதுக்காக, ஆவிகளோட பேசற, ஊரே சேச்சின்னு கூப்பிடற ஒரு அம்மா வீட்டு மாடிப்படி ஏறினேன். எனக்கு முன்னால அந்த நடிகரோட மனைவி ஏறிப்போனாங்க. கீழே சுக்குக் கிடங்கு. அந்தக் காட்டம் மூக்குல ஏறி எனக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு. அழறேன்னு அவங்க நினைச்சிருப்பாங்க. நான் அழல. பயத்துல இருந்தேன்.

இதை அப்படியே சொன்னா புரியாது. ஒரு அஞ்சாறு வருஷம் பின்னால போகணும். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடறேன். எங்க தாத்தா காலத்துல திருநெல்வேலிப் பக்கமிருந்து கொச்சிக்கு வந்த குடும்பம் எங்களோடது. அப்பா கார்ப்பரேஷன்ல துப்புரவு வேலை. வீட்டுக்குள்ள தமிழ், வாசல் தாண்டினா மலையாளம். நான் படிச்சதும் மலையாளம்தான், தமிழ் எழுத வராது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மச்சினி எழுதறா. தப்பிருந்தா அவளைத் திட்டுங்க, என்னைத் திட்டறதுக்கு இந்தக் கதையிலேயே வேண்டிய அளவு இருக்கு.

தொண்ணூறுகள்ல நான் மிமிக்ரிக்காரன். அப்போ கொச்சியில கல்லை விட்டெறிஞ்சா ஒரு மிமிக்ரிக்காரன் தலையிலதான் விழும். அப்படி ஒரு காலம். கோயில் உற்சவம், சர்ச் பெருநாள், கிளப்பு ஆண்டுவிழா எதுவா இருந்தாலும் எங்களுக்கு மேடை இருந்துச்சு. ஓணம் வந்தா போதும், கேசட் கடைக்காரங்க எங்களைப் பிடிச்சுக்கிட்டுப் போய் ரெக்கார்டிங் அறையில அடைச்சுடுவாங்க. நடிகர்கள் குரல்ல தமாஷ் பேசி ரெண்டு பக்கமும் நிரப்பணும். அது சாயாக்கடை, பார்பர் ஷாப், பஸ்ஸு, படகுன்னு எல்லா இடத்துலயும் ஓடும்.

எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு நடிகர் இருந்தார். அவரும் எங்களை மாதிரி தமிழ் வீடுதான். நான் அண்ணன்னு கூப்பிடுவேன். பெரிய நடிகர்னு நினைச்சுடாதீங்க. படத்துல தபால்காரர், கல்யாண வீட்டுச் சமையல்காரர், போலீஸ் ஸ்டேஷன்ல திட்டு வாங்கற ஆள், இப்படி ரெண்டு நிமிஷம் வருவார். ஆனா அந்த ரெண்டு நிமிஷமும் தியேட்டர் சிரிக்கும். ஒரே குறை, அவர் மலையாளத்துல தமிழ் வாடை அடிக்குதுன்னு சொல்லி, வேற ஆளை வெச்சு டப்பிங் பண்ணிடுவாங்க. எத்தனையோ படத்துல வாயசைச்சார், ஒண்ணுல கூட அவர் குரல் கிடையாது. சொந்தக் குரல்ல பேசினது நாடக மேடையில மட்டும்தான். அந்த நாடகங்களை யாரும் ரெக்கார்டு பண்ணி வைக்கல. இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னால வேணும்.

அவர் குரல் எனக்கு நல்லா வரும். வேற யாருக்கும் வராது. அதுல எனக்கு இருந்த தலைக்கனத்தை இப்போ நினைச்சாலும் கூசுது.

எங்க தொழில்ல ஒரு சூட்சுமம் உண்டு. சொந்தக் குரல்ல இருந்து இன்னொருத்தர் குரலுக்குத் தாவறப்போ எடுத்தவுடனே சுருதி நிக்காது. கால் ஊன்ற ஒரு கல் வேணும். அதுக்காக ஒவ்வொருத்தனும் ஒரு சின்னச் சத்தத்தை வெச்சுக்குவான். அந்தச் சத்தத்தைப் போட்டா தொண்டை தானா அந்த இடத்துக்குப் போயிடும். இந்த அண்ணன் குரலுக்கு நான் வெச்சிருந்தது ரெண்டு செருமல். 'க்ஹூம், க்ஹூம்'னு செருமிட்டு, மூக்கு வழியா ஒரு இழுப்பு. அதுக்கப்புறம் பேச்சு. அவர் வாழ்க்கையில ஒரு தடவைகூட அப்படிச் செருமினதில்ல. அது என் சரக்கு. ஆனா கேட்கறவங்களுக்கு அது தெரியுமா? செருமினதுமே கை தட்டுவாங்க. நாளடைவுல அந்தச் செருமல்தான் அவர்னு ஆயிடுச்சு.

தொண்ணூத்தஞ்சுன்னு நினைக்கறேன், சித்திரையில விஷு முடிஞ்ச ஞாயித்துக்கிழமை, எங்க அம்மன் கோயில் விழா. சாயங்கால நிகழ்ச்சிக்கு அண்ணன்தான் சிறப்பு விருந்தினர். முதல் வரிசையில மாலையோட உட்கார்ந்திருந்தார். நான் அவர் குரல்ல பேசறதோட நிறுத்தியிருக்கலாம். அந்தச் சமயத்துல அவர் பேச்சு கொஞ்சம் குழற ஆரம்பிச்சிருந்துச்சு, நடையும் ஒரு பக்கமா சாயும். தண்ணியடிக்கறார்னு ஊரே பேசுச்சு. எனக்கு அது அல்வா மாதிரி கிடைச்சுது. நடிகர் குடிச்சுட்டு ஷூட்டிங்குக்கு வர்ற மாதிரி ஒண்ணு தயார் பண்ணி, அவர் முன்னாலயே செஞ்சேன். தள்ளாடினேன், குழறினேன், செருமினேன். சிரிப்பு அடங்க அஞ்சு நிமிஷம் ஆச்சு. அவரும் சிரிச்சார். மேடைக்கு வந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார்.

கீழே இறங்கினதும் என் கையைப் பிடிச்சு ஜெனரேட்டர் பக்கமா கூட்டிட்டுப் போனார். திட்டப்போறார்னு நினைச்சேன். திட்டல.

"நான் குடிக்கறதில்ல தம்பி. போன வருஷம் லேசா ஒரு பக்கம் வாதம் இழுத்துடுச்சு. வெளியில சொன்னா யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டாங்கன்னு சொல்லல," அப்படின்னார். அப்புறம், "மேடையில செஞ்சது போகட்டும். கேசட்ல மட்டும் போட்டுடாதே, கேட்டோ" அப்படின்னார்.

எங்க ஊர்த் தமிழ்ல பாதி வாக்கியத்துக்கு இந்தக் 'கேட்டோ' வாலா வந்து ஒட்டிக்கும். 'சரியா'ங்கற மாதிரி சும்மா ஒரு பேச்சு வழக்கு. ஆனா அன்னைக்கு அவர் சொன்னப்போ அது கெஞ்சல். என்னைவிட இருபது வயசு மூத்தவர். "சத்தியமா போட மாட்டேண்ணே"ன்னு அவர் கையில அடிச்சுக் கொடுத்தேன். அந்த நிமிஷம் நிஜமாத்தான் சொன்னேன், அதுல சந்தேகம் வேண்டாம்.

ஆனி மாசம் ரெக்கார்டிங். கேசட்காரர் கோயில் விழாவுக்கு வந்திருந்தவர். "அந்தக் குடிகார ஐட்டம் இல்லேன்னா கேசட்டே இல்ல"ன்னுட்டார். என்கூட கேசட்ல பேசற ரெண்டு மிமிக்ரிக்காரங்களும் என் முகத்தையே பார்த்தாங்க. நான் ஒரு தடவை முடியாதுன்னு சொன்னேன். ஒரே ஒரு தடவை. இன்னொரு தடவை சொல்லியிருந்தா அவர் விட்டிருப்பாரோ என்னமோ. மைக் முன்னால போய் நின்னு செருமினேன்.

அந்த ஓணத்துக்கு கேசட் பிய்ச்சுக்கிட்டுப் போச்சு. மட்டாஞ்சேரி படகு ஜெட்டியில இருந்து எர்ணாகுளம் பக்கம் பிராட்வே கடைத்தெரு வரைக்கும் எங்க போனாலும் என் செருமல்தான். எனக்கு மேடை மேல மேடை. அண்ணனுக்கு அதோட எல்லாம் போச்சு. படத்துக்கு யாரும் கூப்பிடல. நாடகக் குழுவுலயும் "உடம்பைப் பார்த்துக்கோங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அவர் தெருவுல நடந்தா பின்னால இருந்து யாராவது செருமுவாங்க. இது எனக்குத் தெரியாதுன்னு சொன்னா பொய். நானே ஒரு தடவை சாயாக்கடையில உட்கார்ந்து பார்த்தேன். அவர் திரும்பிப் பார்க்காம ஒரு பக்கமா சாய்ஞ்சு நடந்து போனார். நான் கிளாஸைக் கீழே வைக்கவே இல்ல.

அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் தாண்டல. ரெண்டாவது தடவையும் வாதம் இழுத்துச்சு, போயிட்டார். சாவுக்குப் போனேன். வீட்டு வாசல் கேட்டுக்கு வெளியில கூட்டத்துல நின்னேன். எனக்கு முன்னால நின்ன ஒரு ஆள், பக்கத்துல இருந்தவன் காதுல மெதுவா 'க்ஹூம், க்ஹூம்'னான். பக்கத்துல இருந்தவன் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கிட்டான். நான் உள்ளே போகல. அப்படியே திரும்பி வந்துட்டேன்.

தன் வாயாலதான் தவளை கெடும்பாங்க. எனக்குக் கொஞ்சம் தாமதமா வந்துச்சு, அவ்வளவுதான். ஒரு திருவிழா மேடையில என் குரல் பட்டுனு உடைஞ்சுது. அதுக்கப்புறம் கிசுகிசுப்புக்கு மேல சத்தம் வரல. டாக்டர் பார்த்துட்டு, குரல் நாண்ல வீக்கம், மூணு மாசம் வாயை மூடிக்கிட்டு இருன்னார். என் மனைவி டாக்டரை நம்பல. "இது வீக்கமில்ல. அந்த மனுஷனோட வயித்தெரிச்சல். போய் மன்னிப்பு கேளுங்க"ன்னா. செத்தவர்கிட்ட எப்படிடி கேட்கறதுன்னேன். அப்போதான் இந்த சேச்சி பத்திச் சொன்னா. வியாழக்கிழமை மட்டும் ஆவிகளை வரவழைச்சுப் பேச வைப்பாங்க, போனவங்க புழங்கின பொருள் ஒண்ணு கொண்டு போகணும்.

இதைச் சொல்லாம விடக் கூடாது. அன்னைக்கு எனக்கு இருந்த முதல் கவலை அண்ணன் இல்ல, என் தொண்டை. மன்னிப்பு கிடைச்சா குரல் திரும்ப வரும், மேடை ஏறலாம். அந்தக் கணக்குலதான் அவர் வீட்டுக்குப் போனேன்.

அண்ணனோட மனைவி, நான் அக்கான்னு கூப்பிடறவங்க, கதவைத் திறந்தாங்க. நான் யாருன்னு தெரியும், நல்லாவே தெரியும். ஒரு நர்சரி ஸ்கூல்ல ஆயா வேலைக்குப் போயிட்டிருந்தாங்க. உட்காரச் சொன்னாங்க. என் கிசுகிசுக் குரல்ல விஷயத்தைச் சொன்னேன். கிண்டல் பண்ணது தப்பு, மன்னிப்பு கேட்கணும், அண்ணன் பொருள் ஏதாவது வேணும். அவர் என்கிட்ட கெஞ்சினதையும் நான் சத்தியம் பண்ணதையும் சொல்லல. அது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சது. அவர் மனைவிகிட்டகூட சொல்லலைன்னு அவங்க பேச்சுலயே புரிஞ்சுது. சொல்லாம இருக்கறது எனக்கு வசதியா இருந்துச்சு.

பேசும்போதே என் கண் அலமாரிக்குப் போச்சு. அங்க ஒரு டேப் ரெக்கார்டர். அதுமேல என் கேசட். அட்டையில நாங்க மூணு பேரும் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறோம். ஆத்திரத்துல வெச்சிருக்காங்க, தினம் பார்த்துத் திட்டறதுக்குன்னு நினைச்சேன்.

அக்கா என் கண் போன இடத்தைப் பார்த்தாங்க. அப்புறம், "அங்க போனா அவர் குரல் கேட்குமா?"ன்னாங்க. கேட்கும்னு சொல்றாங்கக்கான்னேன். உள்ளே போய் மேக்கப் பெட்டியில இருந்து ஒரு சின்னக் கைக்கண்ணாடி எடுத்துட்டு வந்தாங்க. என் கையில கொடுக்கல. "நானும் வர்றேன்" அப்படின்னாங்க.

இப்படித்தான் அந்த மாடிப்படி.

நான் எதிர்பார்த்த மாதிரி மண்டை ஓடு, கருப்புத் துணி எதுவும் இல்ல. சாதாரண வீடு. சேலைக்குப் பதிலா கேரளத்து முண்டும் நேரியதும் உடுத்தின, அம்பது தாண்டின ஒரு சேச்சி. அடுக்களையில குக்கர் இருந்துச்சு. முன்னால ஒரு வெள்ளைத் துணி, ஒரு கிளாஸ் தண்ணி. யாரைக் கூப்பிடணும், எதுக்குன்னு என்கிட்ட கேட்டுக்கிட்டு, ஒரே ஒரு நிபந்தனை சொன்னாங்க. பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, உறவு சொல்லித்தான் கூப்பிடணும். பேர் உடம்போட எரிஞ்சு போயிடுமாம், உறவு போகாதாம். அந்தப் பேச்சு எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

கண்ணாடியை ரெண்டு கையிலயும் பொத்தி, கண்ணை மூடினாங்க. மழைச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. நடுவுல குக்கர் ஒரு விசில் அடிச்சுது, யாரும் அசையல. அஞ்சு நிமிஷம் இருக்கும். சேச்சியோட தோள் ஒரு பக்கமா சாய்ஞ்சுது. அண்ணன் சாய்ஞ்சு நடந்த அதே பக்கம்.

அப்புறம் சேச்சி தொண்டையில இருந்து வந்துச்சு. 'க்ஹூம், க்ஹூம்.' மூக்கு வழியா ஒரு இழுப்பு.

அடக் கடவுளே! என் ரத்தம் உறைஞ்சு போச்சு. நீங்க நினைக்கற காரணத்துக்கு இல்ல. செத்தவர் வந்துட்டார்னு இல்ல. வந்தது நான்.

என் செருமல். என் இழுப்பு. அதுக்கப்புறம் வந்த பேச்சும் என் பேச்சுதான், கேசட்ல நான் குழறின அதே குழறல். பத்து வருஷம் நான் மேடையில விதைச்சதை அந்த அம்மா வாயில அறுவடை பண்ணிக்கிட்டிருந்தேன். "தம்பீ, அதொக்கே ஒரு தமாஷல்லே? ஞான் க்ஷமிச்சு" அப்படின்னு அந்தக் குரல் மலையாளத்துல சொல்லுச்சு. அதெல்லாம் தமாஷ்தானே, மன்னிச்சுட்டேன்னு. நான் கேட்க வந்தது கிடைச்சாச்சு. சத்தியத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. கேசட்ல இல்லாத விஷயம் அந்தக் குரலுக்கு எப்படித் தெரியும்?

அந்த சேச்சியைப் பித்தலாட்டக்காரின்னு நான் சொல்ல மாட்டேன். கண்ணை மூடினா அவங்க காதுல என்ன கேட்டுச்சோ அது வாயில வந்துச்சு. ஊர்ல எல்லார் காதுலயும் அதுதானே இருந்துச்சு? வெச்சது நான்தானே?

திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவங்க முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு அழுதுக்கிட்டிருந்தாங்க. முகத்துல அப்படி ஒரு நிம்மதி. சேச்சி அந்தக் குரல்ல அவங்ககிட்டயும் ஏதோ சுகம் விசாரிச்சாங்க, அதுவும் மலையாளத்துலதான். அக்கா தமிழ்ல பதில் சொன்னாங்க. "சாப்பிடறீங்களா? கால் வலி இப்ப எப்படி இருக்கு?"ன்னு கேட்டாங்க. எனக்கு உட்கார முடியல.

கீழே இறங்கினோம். ரெண்டு பேரும் ஜெட்டி வரைக்கும் நடந்தோம். அவங்க அன்னைக்கு எர்ணாகுளத்துல தங்கச்சி வீட்டுக்குப் போகணும். போய்ச் சேர்றதுக்குள்ள படகு விட்டுட்டான். அடுத்த படகுக்கு முக்கால் மணி நேரம். மழைக்கு ஒதுங்கி ஜெட்டி பெஞ்சுல உட்கார்ந்தோம்.

அக்காதான் முதல்ல பேசினாங்க. "அந்தச் செருமல் கேட்டீங்களா? மூணு வருஷம் ஆச்சு. அப்படியே அவர்தான். எங்கிட்ட பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் அப்படித்தான் செருமிட்டுப் பேசுவார்."

அவரோட இருபது வருஷத்துக்கு மேல குடும்பம் நடத்தினவங்க. அவர் ஒரு நாளும் செருமினதில்லைன்னு இந்த உலகத்துல எனக்கு அடுத்தபடியா தெரிஞ்சிருக்க வேண்டியவங்க.

அப்போதான் அந்தக் கேசட் பத்திச் சொன்னாங்க. அவர் இருந்தவரைக்கும் அதை வீட்டுக்குள்ள விடல. அவர் போன மூணாவது மாசம், அவர் குரல் எப்படி இருக்கும்னு யோசிச்சா பிடி கிடைக்கலையாம். படத்துல எல்லாம் வேற ஆள் குரல். நாடகம் எதுவும் இல்ல. வேற வழியில்லாம அவங்களே கடைக்குப் போய் அந்தக் கேசட்டை வாங்கிட்டு வந்திருக்காங்க. குடிகாரன்னு கிண்டல் பண்ற இடத்தை எல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாண்டி, அந்தக் குரலை மட்டும் கேட்பாங்களாம், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால, தினம்.

பேசாம இருந்திருக்கலாம். இன்னைக்கும் சில பேர் என்கிட்ட அப்படித்தான் சொல்றாங்க. அந்த அம்மா நிம்மதியா இருந்தாங்க, உனக்கும் மன்னிப்பு கிடைச்சுது, சும்மா இருந்த சங்கை ஏன் ஊதினேன்னு. ஆனா நான் அவர் பேரைக் கெடுத்தேன், பிழைப்பைக் கெடுத்தேன், இப்போ அவர் பொண்டாட்டி மனசுல இருந்தே அவரைத் துரத்திட்டு அங்க நான் உட்கார்ந்திருக்கேன். அதைத் தெரிஞ்சுக்கிட்டு எப்படி வாயை மூடிட்டு இருக்கறது?

"அக்கா, அண்ணன் செரும மாட்டார். அது நான் வெச்சது. சுருதி பிடிக்கறதுக்காக நான் போட்டுக்கற சத்தம் அது" அப்படின்னேன்.

அவங்க முதல்ல சிரிச்சாங்க. "என்ன தம்பி சொல்றீங்க, எனக்குத் தெரியாதா?"ன்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் தண்ணியைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. உதடு மட்டும் லேசா அசைஞ்சுது, அவர் சொன்ன எதையோ மனசுக்குள்ள சொல்லிப் பார்க்கற மாதிரி. முகம் கொஞ்சம் கொஞ்சமா வெளிறிச்சு. ஒரு வீட்டுல திருடு போனதை அப்போதான் கண்டுபிடிச்சவங்க முகம் அப்படித்தான் இருக்கும்.

"அப்போ அவர் எப்படிப் பேசுவார்?" அப்படின்னு கேட்டாங்க.

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவங்களே தொடர்ந்தாங்க.

"உங்களுக்குத் தெரியுமில்ல? நீங்கதானே அவரை அப்படி உத்துப் பார்த்தீங்க. செருமாம, குழறாம, சும்மா வீட்டுல பேசற மாதிரி ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி. தமிழ்ல சொல்லுங்க."

முயற்சி பண்ணேன். சத்தியமா பண்ணேன். அவர் குரல்ல 'சாயா ஆச்சா?'ன்னு கேட்கப் பார்த்தேன். செருமாம சுருதி நிக்கல. செருமினா கேசட் குரல் வந்துச்சு. உடைஞ்ச தொண்டையில அது இன்னும் கோரமா இருந்துச்சு. பக்கத்துல படகுக்கு நின்னுக்கிட்டிருந்த ஒரு ஆள் அதை அடையாளம் கண்டுபிடிச்சு, என்னைப் பார்த்துச் சிரிச்சான். அக்கா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. ஊர்ல அவரை நல்லாக் கவனிச்சவன் நான்தான்னு மார்தட்டிக்கிட்டிருந்தேன். அவர்கிட்ட சிரிப்பு வர்ற இடங்களை மட்டும்தான் கவனிச்சிருக்கேன். மிச்சம் இருந்த ஆளை நான் கேட்கவே இல்ல.

ஒரே ஒரு தடவை கேட்டிருந்தேன். ஜெனரேட்டர் பக்கத்துல.

அது எனக்கு அட்சரம் பிசகாம நினைவிருந்துச்சு. அத்தனை வருஷமும் அதை மறக்கத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன், அதனாலயே அது அழியாம இருந்துச்சு. ஆனா அதைச் சொன்னா நான் மறைச்சது முழுசும் வெளியில வந்துடும். சொல்லலேன்னா இந்த அம்மா குரலே இல்லாத ஒரு புருஷனோட வீட்டுக்குப் போவாங்க. படகு அந்தப் பக்கத்துல இருந்து கிளம்பி வர்றது தெரிஞ்சுது.

கண்ணை மூடிக்கிட்டேன். செருமல. அவர் அன்னைக்கு மெதுவாத்தான் பேசினார், என் கெட்டுப்போன தொண்டைக்கு எட்டற குரல்தான் அது. நாக்கு லேசா ஒரு பக்கம் இடறும், அவ்வளவுதான்.

"மேடையில செஞ்சது போகட்டும். கேசட்ல மட்டும் போட்டுடாதே, கேட்டோ."

கண்ணைத் திறந்தப்போ அக்கா பெஞ்சுல இருந்து எழுந்து நின்னுக்கிட்டிருந்தாங்க. என்னைப் பார்க்கல, எனக்குப் பின்னால யாரோ நிக்கற மாதிரி பார்த்தாங்க.

"அவர்தான்" அப்படின்னாங்க.

அப்புறம்தான் வார்த்தை அவங்களுக்கு உறைச்சுது. மெதுவா உட்கார்ந்தாங்க.

"உன்கிட்ட அப்படிக் கேட்டாரா?"

"ஆமாக்கா."

"நீ என்ன சொன்னே?"

"சத்தியமா போட மாட்டேன்னு சொன்னேன்."

ஒரு அறை விட்டிருந்தா எனக்குச் சுகமா இருந்திருக்கும். அவங்க மடியில இருந்த கைக்கண்ணாடியை எடுத்துச் சேலையில துடைச்சாங்க. அதுல ஒண்ணும் அழுக்கு இல்ல. படகு வந்து முட்டுச்சு, ஜனங்க இறங்கினாங்க, ஏறினாங்க. அக்கா எழுந்திருக்கல. படகு போயிடுச்சு.

"இன்னொரு தரம் சொல்லு" அப்படின்னாங்க.

சொன்னேன். மூணாவது தரமும் சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். ஒவ்வொரு தரமும் அவங்க புருஷன் என்கிட்ட கெஞ்சறதை அவங்க கண்ணை மூடிக் கேட்டாங்க, ஒவ்வொரு தரமும் நான் சத்தியத்தை மீறினவனா உட்கார்ந்திருந்தேன். வேற வார்த்தை எதுவும் என்கிட்ட இல்ல. அவருக்குச் சொந்தமான குரல்ல என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான்.

டாக்டர் சொன்ன மாதிரியே மூணு மாசத்துல தொண்டை சரியாச்சு. என் மனைவி அந்த சேச்சி வீட்டுக்குப் பழமும் பூவும் கொண்டு போய்க் கொடுத்துட்டு வந்தா. நான் தடுக்கல. ஆனா மேடை ஏறல. விழாக்காரங்க கூப்பிட்டுப் பார்த்துட்டு விட்டுட்டாங்க. இப்போ காக்கநாட்டுல ஒரு ஆபீஸ் கேட்டுல காவல் வேலை. உள்ளே போறவங்க வர்றவங்களுக்கு வணக்கம் சொல்றதோட என் குரலோட வேலை முடிஞ்சுது.

அண்ணனோட திதி நாளுக்கு வருஷா வருஷம் அக்கா வீட்டுக்குப் போறேன். வான்னு அவங்கதான் சொல்லி அனுப்பினாங்க. முதல் வருஷம் போனப்பவே அலமாரியில டேப் ரெக்கார்டர் மட்டும்தான் இருந்துச்சு, கேசட் இல்ல. நான் கேட்கல. சாயா தருவாங்க. அப்புறம் எதிர்ல உட்கார்ந்து கண்ணை மூடிக்குவாங்க. நான் அந்த ஒரு வரியைச் சொல்லுவேன். போதும்பாங்க. கிளம்பி வந்துடுவேன்.

ஒரு வருஷம் தாங்க முடியாம கேட்டுட்டேன், "என்னை மன்னிச்சுட்டீங்களாக்கா?"ன்னு. அவங்க கோபப்படல. "அவர் உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டார், நீ செய்யல. நீ கேட்டதும் நான் மட்டும் உடனே செய்துடணுமா? சாயாவைக் குடி, ஆறிடப் போகுது"ன்னாங்க.

மன்னிப்பு எனக்கு அன்னைக்கு அந்த மாடியில ஒரு நிமிஷத்துல கிடைச்சுது, அது என் குரலாவே இருந்ததால எதுக்கும் உதவல. இந்த வீட்டுல அது இன்னும் கிடைக்கல. ஆனாலும் வருஷத்துக்கு ஒரு நாள் அவங்க எனக்குக் கதவைத் திறக்கறாங்க. நான் காப்பாத்தாத அந்த ஒரு வரியில மட்டும்தான் அவர் இன்னும் பேசிக்கிட்டிருக்கார்ங்கறது, அதைச் சொல்லி முடிச்சுட்டுப் படியிறங்கற ஒவ்வொரு தடவையும் எனக்குப் புதுசா வலிக்குது.